நாற்பதில் எட்டு குறைந்த கம்ப்யூட்டர்

முதன்முதலில் ஒரு ஃப்ளாப்பி என் கைக்கு வந்தபோது, அதன் கறுப்பு உறையை பிளேடால் கிழித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை மட்டும் வெளியே எடுத்து, வேட்டித் தலைப்பால் நன்றாகத் துடைத்து மெஷினுக்குள் சொருகப் பார்த்தவன் நான். உறையோடுதான் சொருக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இசைத்தட்டை அட்டையோடு வைத்தா பாட்டுக் கேட்கிறோம்? அப்படிப்பட்ட நான்தான் எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, பிறகு நான் சொல்வது எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது பாருங்கள்.

பேய், பிசாசு, ஜாதகம், ராகு காலம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அப்போதும் சரி இப்போதும் சரி. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் கோவில்பத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வதற்கே தைரியம் வேண்டும். சனிப்பெயர்ச்சிக்கு ஊர் உலகமெல்லாம் வந்து குவியும்போது என் கவலையெல்லாம் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்குமா என்பதாகத்தான் இருக்கும். ரேடியோ கரகரத்தால் உள்ளே எது தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். டிவியில் உருவம் இரண்டாகத் தெரிந்தால் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், ஒரு திருகாணி இருக்கும், அவ்வளவுதான் என் சித்தாந்தம்.

சாமிநாதன் சார் ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார். ஜோசியம் பார்ப்பார். கொஞ்சம் நிலம் இருந்ததில் பாதியை விற்று மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, திருநள்ளாறு ரோட்டில் வீட்டு முன்னறையிலேயே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிவிட்டார். கோயிலுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழிதான். பிறந்த நாள், நேரம், ஊர் சொன்னால் போதும், பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே கட்டம் போட்டுத் தள்ளும். தட்டுவது அவருடைய ஒரே மகள் வசந்தி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மெஷினுக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. கடல் காற்றில் அதன் திருகாணிகள் மட்டும் யாரையும் மதிக்காமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திரையில் இடமில்லை இடமில்லை என்று வருகிறது. நாற்பது மெகாபைட் என்று சொல்லி விற்ற மெஷின், எப்படிக் கேட்டாலும் முப்பத்திரண்டுதான் இருக்கிறது என்கிறது.

சார் ஈஸி சேரில் சாய்ந்தபடி, கோபமே இல்லாமல் என்னைக் கேட்டார்.

"தம்பி, நாப்பதுல முப்பத்திரண்டு போனா எவ்வளவு?"

"எட்டு சார்."

"எட்டு யாரோட நம்பரு?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பக்கத்தில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், எட்டு சனியின் எண்.

"அவரு வாசலுக்கு வர்ற சனத்தை வச்சுத்தான் நாம பொழைக்கிறோம். அவரு பங்கை அவரு எடுத்துக்கிட்டாரு. அதைத் தோண்ட வேணாம், விட்டுருங்க."

"அப்பா, நாளைக்கு வர்றவங்களை எதுலப்பா ஏத்துறது? சனீஸ்வரனா வந்து பழசை அழிச்சுக் குடுப்பாரு?" என்றாள் வசந்தி.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "அவருக்கு எட்டு மெகாபைட் எதுக்கு சார்? யார் யாரைப் புடிக்கணும்னு எழுதி வச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான்.

பாண்டிச்சேரியில் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த நண்பனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். அவன் விஷயத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டான். மெஷினை ஓட்டுகிற டாஸுக்கு ஒரே துண்டாக முப்பத்திரண்டுக்கு மேல் கண் தெரியாதாம். மிச்ச எட்டு உள்ளேயேதான் இருக்கிறது, அதைத் தனித் துண்டாக வெட்டி வேறு பெயர் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பது சி, புதியது டி. பார்த்தீர்களா, காரணம் இருக்கிறது, திருகாணி இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நண்பன் சொன்னபடியே தட்டினேன். மெஷின் கறுக் கறுக் என்று எதையோ மென்றது. டி டிரைவ் பிறந்தது. வசந்தி கைதட்டினாள். சார் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

வசந்தி அப்போதே ஒரு ஜாதகத்தைத் தட்டி டியில் சேமித்தாள். அந்தக் காலத்து மெஷினில் எதைச் சேமித்தாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் சேமித்த தேதியும் நேரமும் நிற்கும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன தேதி?" என்றாள்.

அது வராத தேதி. நாங்கள் இருந்தது சித்திரையில், அது காட்டியது அடுத்த மாதம் ஒரு நாள், சாயங்காலம் நாலு ஐம்பது. கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று நினைத்து, சரியான தேதியைக் கொடுத்து, இன்னொன்றைத் தட்டச் சொன்னேன். சியில் சேமித்தால் அன்றைய தேதி. டியில் சேமித்தால் அந்தத் தேதி, அதே நாலு ஐம்பது. மறுபடி செய்தாலும் அப்படியே.

வசந்தி சுவரில் தொங்கிய காலண்டரில் விரலை வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அது ஞாயித்துக்கிழமைண்ணே. அன்னைக்குத்தான் நாங்க மன்னார்குடி கெளம்புறோம்."

அவளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு மன்னார்குடி. முதல்நாள் மதியம் வேன் வைத்துப் பெண்ணை அழைத்துப்போவதாக ஏற்பாடு. ராகு காலம் நாலரைக்கு ஆரம்பிக்கிறது என்பதால் மூன்றரைக்கே கிளம்பிவிட வேண்டும் என்று நேரம் குறித்ததும் சார்தான். அப்படியென்றால் நாலு ஐம்பதுக்கு வேன் எங்கே இருக்கும்? நடுரோட்டில் இருக்கும். வசந்தி வேனுக்குள் இருப்பாள்.

இதை நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கொல்லையிலிருந்து வந்த சார் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, திரையையும் பார்த்து, தானாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஈஸி சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்ததை அவருகிட்டயே குடுத்துருங்க தம்பி" என்றார்.

சரி, டியையே வேண்டாம் என்று அழித்தேன். மெஷின் மறுபடியும் முப்பத்திரண்டு என்றது. பழைய ஜாதகம் ஒன்றை நீக்கி இடம் பண்ணிக்கொண்டு வசந்தி இன்னொன்றைச் சேமித்தாள். நம்பினால் நம்புங்கள், இப்போது அது சியிலேயே அந்தத் தேதியோடு வந்து உட்கார்ந்தது. நாலு ஐம்பது. மறுபடியும் டியை உண்டாக்கினேன், அது சியை விட்டுவிட்டு டிக்குப் போய்விட்டது. வேறு வீடு கொடுத்ததும் குடிபோன மாதிரி.

நான் சும்மா இருக்கவில்லை. கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கிற பேட்டரியை மாற்றினேன், ஒவ்வொரு கேபிளையும் கழற்றி மாட்டினேன். பாண்டிச்சேரி நண்பனைத் திரும்பக் கூப்பிட்டேன். வைரஸா என்று கேட்டேன். "வைரஸ் உன் மண்டைக்குள்ளதான்டா இருக்கு" என்று வைத்துவிட்டான்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமே என்பீர்கள். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. காரணம் என்னவென்று சொல்வது? கம்ப்யூட்டரில் தப்பான தேதி வருகிறது என்றா? ஜோசியர் வீட்டுப் பெண்ணுக்கே நேரம் சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் மன்னார்குடிக்காரர்கள் அன்றைக்கே தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு வேறு யார் வருவார்கள்? எனவே விஷயம் எங்கள் மூன்று பேரோடு நின்றது. சாரின் மனைவிக்குக்கூடத் தெரியாது, அந்த அம்மா சந்தோஷமாக முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேன் டிரைவரைத் தேடிப் போய் டயர் எப்படி இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா என்று விசாரித்தேன். "என்ன ராஜேந்திரண்ணே, ரேடியோ முடிஞ்சு கம்ப்யூட்டர், அது முடிஞ்சு இப்ப வேனா?" என்றான். கோபம் வரவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டியவன். என் மனைவி மல்லிகா தலைப்பிரசவத்துக்குத் திருமலைராயன்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. ஞாயிறு தோறும் காரைக்கால்மேட்டில் மீன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்த ஞாயிறு சார் வீட்டுக் கல்யாண வேலை, வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று மணிக்கே வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணை அழைக்க அதில் வந்திறங்கினார். பெரிய மீசை, பெரிய பேச்சு. சார் காப்பி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், ஏதோ ஒரு பாத்திரத்தைக் காணவில்லை என்று நேரம் கடத்தினார், கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னார்.

"ராகு காலம் கழிச்சே கெளம்பிடுவோம்."

"அட! ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பணும்னு நேரம் குறிச்சதே நீங்கதானே சம்பந்தி? இப்ப மாத்திச் சொல்றீங்க. உங்க கம்ப்யூட்டர் சொல்லுச்சா?"

சார் சிரிக்க முயன்றார், முகம் கோணிக்கொண்டு போனது.

"அங்க மண்டபத்துல எல்லாரும் காத்துக்கெடப்பாங்க. பொண்ணு அழைப்பு ராத்திரி படுக்கப் போறப்ப வைக்கிறதா? எனக்கென்னமோ நீங்க பொண்ணை அனுப்ப யோசிக்கிற மாதிரி தெரியுது" என்றார் மாமன், வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. அத்தனை பேர் முன்னால் சார் கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார். பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்தால் நாங்களெல்லாம் சந்துக்குள் ஓடுவோம், அந்த மனிதர்.

என்னை முன்னறையில் மெஷின் முன்னால் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக்கு அதில் என்ன வருகிறது என்று யாராவது பார்க்க வேண்டுமாம். தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வசந்தி வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உள்ள போம்மா, யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"என் தேதிண்ணே. நானே பாத்துக்குறேன்."

வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கதைகளில் வருகிற இருட்டு, ஊளை, ஒன்றும் கிடையாது. மெஷினின் கடிகாரத்தை நான் காலையிலேயே ரேடியோவோடு சரி பார்த்து வைத்திருந்தேன். நாலு ஐம்பது ஆனது.

கீபோர்டை யாரும் தொடவில்லை. என் கைகள் மடியில் இருந்தன, அவள் கைகள் புடவைத் தலைப்பில் இருந்தன. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கறுக் கறுக் என்று அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டியை முதலில் உண்டாக்கியபோது மென்றதே, அதே சத்தம், ஆனால் அவசரமாக, எதையோ எழுதி முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. வசந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல்கள் சதையில் அழுந்தின. சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது.

பிறகு அவள்தான், "சேவ் பண்ணிப் பாருங்கண்ணே" என்றாள். எதையோ நாலு எழுத்துத் தட்டி டியில் சேமித்தேன். தேதி அன்றையது, அதில் ஒன்றுமில்லை. நேரத்தைப் பார்த்தோம். ஒரு மாதமாக நாலு ஐம்பதிலேயே நின்ற நேரம் நகர்ந்திருந்தது. சுவர்க் கடிகாரமும் அதுவும் ஒரே மணி காட்டின.

"போயிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மை கலையப்போகிறது என்று நான் பைத்தியக்காரன் மாதிரி மெஷின் துடைக்கிற துணியை நீட்டினேன்.

ஆறு மணிக்கு மேல் வேன் கிளம்பியது. மாமன் கதவை அறைந்து சாத்தினார். சார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள், ஏச்சும் பேச்சும் வாங்கினார்கள், மறுநாள் தாலி ஏறியது, அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் வாசலில் நின்று வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதிர்த் திசையிலிருந்து மல்லிகாவின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"உங்களை எங்கெல்லாம் தேடுறது மாப்ளே? மல்லிகாவுக்கு மத்தியானமே வலி கண்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். ஏறுங்க சீக்கிரம்."

"பொழச்சுக் கெடக்காள்ல?"

"ஏறுங்கங்கறேன்ல."

பெண் குழந்தை. நாள் ஆகாமல் பிறந்ததால் என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிறந்ததும் அழவே இல்லையாம், தட்டித் தட்டி, தலைகீழாகப் பிடித்து, எல்லோரும் கைவிட்ட நேரத்தில் ஒரு சின்னச் சத்தம் போட்டதாம். மல்லிகா கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸம்மாவிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எல்லா அப்பன்மாரும் கேட்கிற கேள்விதான், ஜாதகம் எழுத வேண்டுமே. அந்த அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நாலு அம்பது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பிறந்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் நாங்கள் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மல்லிகாவும் குழந்தையும் தேறி வீட்டுக்கு வந்த பிறகு சாரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெரிய பாரம் இறங்கின மாதிரி, "பொறப்புதானே தம்பி, நல்லதுதானே? நாமதான் தப்பா நெனச்சுட்டோம். உக்காருங்க, புள்ளைக்கு நானே ஜாதகம் போட்டுத் தர்றேன்" என்றார். வசந்தி இல்லாததால் நான் தட்டினேன். பெயர், நாள், நேரம், ஊர். கட்டங்கள் வந்தன. சேமித்தேன். பழக்கதோஷம், டியில் சேமித்தேன்.

பக்கத்தில் ஒரு தேதி வந்து நின்றது.

அன்றைய தேதி இல்லை. பக்கத்து மாதமும் இல்லை. ரொம்ப தூரத்தில் இருக்கிற ஒரு தேதி, ஒரு நேரம். வேறு எதையோ தட்டிச் சேமித்தேன், அதற்கும் அதே தேதி. சார் அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திரையை அழித்துவிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மெஷினை நான் தொடவில்லை. இரண்டொரு வருடத்தில் உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது, சாரும் காலமாகிவிட்டார், மெஷின் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது.

அந்தத் தேதி மட்டும் எனக்கு மனப்பாடம். இன்னும் வரவில்லை. பிறப்பா இறப்பா, யார் வீட்டினுடையது, எதுவும் தெரியாது. என் மகளுக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது பஞ்சாங்கத்தை அதிகமாகப் புரட்டியது நான்தான், எதிலும் நம்பிக்கை இல்லாத நான். வருடா வருடம் புதுக் காலண்டர் வந்ததும் அந்த மாதத்துத் தாளை முதலில் தூக்கிப் பார்க்கிறேன். என்ன கிழமையில் விழுகிறது என்று பார்க்கிறேன். இந்த வருடம் இல்லை என்று தெரியும், இருந்தும் பார்க்கிறேன். என்ன தேதி என்று கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் இதைக் கேட்டது ஒரே ஒருத்திதான். ஆடி மாதத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள் வசந்தி. மஞ்சள் கயிறு புதிதாகப் பளபளத்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தாள், மாமன் இன்னும் பேசுவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக் கொஞ்சினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"டி இப்ப என்ன தேதிண்ணே காட்டுது?"

"இன்னைய தேதிதாம்மா. எல்லாம் சரியாயிடுச்சு."

என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"பொய் சொல்ல வராதுண்ணே உங்களுக்கு. தெரிஞ்சதை நீங்களே வச்சுக்கிட்டு அவதிப்படுங்க. எங்க தலையில எறக்கிடாதீங்க."